குடம் குடமாகவே நிற்கிறதா? ஆயில் பேஸ்டல் அரூப ஓவியத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

வீட்டில் கிடக்கும் குடம், டிபன் கேரியர், செருப்பு, தெருமுனை அடிபம்பு என்று எதையாவது வைத்து ஆயில் பேஸ்டலில் அரூப ஓவியம் (பொருளை அப்படியே காட்டாமல் அதன் வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளும் ‘அப்ஸ்ட்ராக்ட்’ படம்) வரையக் கிளம்பி, பாதியில் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். அங்கே பிள்ளைகளும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் புகார்களையே தலைப்புகளாக வைத்திருக்கிறேன். முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் தாளில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

போவதற்கு முன் ஒரு சோதனை. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏழெட்டு அடி பின்னால் போய் நின்று பாருங்கள். தூரத்தில் நன்றாக இருந்து, கிட்டே வந்தால் மட்டும் அசிங்கமாகத் தெரிகிறதா? அப்படியானால் தகராறு குச்சியிலோ தாளிலோ கையிலோ இருக்கிறது. அன்றைக்கே சரிசெய்துவிடலாம். தூரத்திலும் சப்பென்று இருந்தால் பொருளைப் பார்த்த விதத்தில்தான் சிக்கல். இந்தச் சிக்கலோடு வருகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அவர்கள்தான் முதலில் கடைக்கு ஓடுகிறார்கள். 12 கலர் செட்டில் வராதது 50 கலர் செட்டிலும் வராது.

குச்சியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுக்குக் காரணம் தானாகப் புரியும். நிறப்பொடி, மெழுகு, காயாத எண்ணெய், இவை சேர்ந்ததுதான் ஆயில் பேஸ்டல். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘கிரேபாஸ்’ என்று கொண்டுவந்தது. 1949-இல் பாரிஸின் செனலியே கடை பிக்காசோவுக்காக இன்னும் மென்மையான ஒரு வகையைச் செய்துகொடுத்தது. நம் பள்ளிக்கூட வாசல் கடைகளில் கிடைக்கும் கேம்லின், டாம்ஸ் செட்டுகள் மாணவர்களுக்கானவை. கொஞ்சம் கடினமாக இருக்கும். பழகுவதற்கு அது போதும், சொல்லப்போனால் அடிப்பூச்சுக்குக் கடினமான குச்சிதான் நல்லது. மென்மையானதைக் கடினமானதன் மேல் பூசலாம். தலைகீழாகச் செய்தால் மேல் குச்சி கீழ்ப்பூச்சை உழுதுகொண்டு போகும்.

குச்சி வழுக்குகிறது, நிறம் பிடிக்கவில்லை

தாளின் ஓரத்தில், இதுவரை கை படாத இடத்தில், அதே குச்சியால் ஒரு கோடு போடுங்கள். அங்கேயும் வழுக்கினால் தாள் சரியில்லை. அங்கே நன்றாகப் பிடித்தால், நீங்கள் வரைந்துகொண்டிருந்த இடத்தில் தாளின் சொரசொரப்பு மெழுகால் நிரம்பிவிட்டது.

தாள் விஷயம் சுலபம். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). அது இதற்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகை அட்டையின் பளபளப்புப் பக்கமும் ஆகாது, சார்ட்டின் வழவழப்பும் ஆகாது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே காகிதக் கடைகள் இருக்கின்றன. அங்கே போய் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத, பளபளப்பு இல்லாத தாள் என்று கேளுங்கள். வாங்குவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் சொரசொரவென்று இருக்கிறதோ அதில்தான் வரைய வேண்டும். பழகுவதற்கு மளிகைக்கடை அட்டைப்பெட்டியின் உட்பக்கம் கூட அருமையாகப் பிடிக்கும். அந்தப் பழுப்பின் மேல் மஞ்சளும் வெள்ளையும் தூக்கலாகத் தெரியும். ஆனால் அந்த அட்டை நாளாக ஆகக் கறுத்து முறியும், பாதுகாக்க நினைக்கும் படத்தை அதில் போடாதீர்கள். ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் வரைந்தால் நிறம் வெல்வெட்டாக உட்காரும். குச்சியை மட்டும் அது தின்று தீர்த்துவிடும்.

சொரசொரப்பு நிரம்பிவிட்ட இடத்தில் இன்னும் அழுத்தினால் எதுவும் ஏறாது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் மெழுகை வழித்தெடுங்கள். தாளின் முகம் கொஞ்சம் தெரிந்ததும் மறுபடி பூசலாம். அடுத்த முறை முதல் பூச்சைக் குச்சியைப் படுக்கவைத்து லேசாகத் தடவிவிட்டு, அழுத்தத்தைக் கடைசிப் பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சி குழைகிறது, கையில் பிசுபிசுக்கிறது, எடுத்தால் ஒடிகிறது

மே மாதம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடு, பிற்பகல். வேறு காரணம் தேட வேண்டாம். மெழுகு இளகிவிட்டது. டப்பாவை பாலிதீன் பையில் கட்டி ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்து நீர் கோக்கும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மண்பானையின் அடியில் ஈர மணலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் போதும். சுற்றியிருக்கும் காகிதத்தை முழுதாக உரிக்காதீர்கள். அகலமாகத் தீட்ட வேண்டுமென்றால் ஒரு துண்டை மட்டும் ஒடித்து உரித்துக்கொள்ளலாம்.

எல்லாம் சேறாகிவிட்டது

அதிகம் பேர் கொண்டுவரும் புகார் இதுதான். லாரித் தண்ணீருக்காக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்களை வரைந்துகொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, ஆரஞ்சும் ப்ளூவும் அழகா இருக்குன்னுதான் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். நடுவுல சாணிக் கலர் எப்படிண்ணா வந்துச்சு?” விரலை வைத்து இரண்டையும் சேர்த்துத் தேய்த்திருந்தான். ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும், கலந்தால் இரண்டும் செத்து பழுப்பாகிவிடும். சிவப்பு-பச்சை, மஞ்சள்-ஊதா ஜோடிகளும் இப்படித்தான். பிளாஸ்டிக் குடக்காரர்கள் இந்த நிறங்களில்தான் குடம் செய்கிறார்கள் என்பதால் நம் தெருவை வரைகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

எதிர் நிறங்கள் சந்திக்கும் இடத்தில் தாளின் வெள்ளையை நூலளவு விட்டுவிடுங்கள். அந்த இடைவெளி படத்துக்கு மூச்சும் கொடுக்கும். கலந்தே தீர வேண்டுமென்றால் தேய்க்காமல், ஒரு நிறத்தின் மேல் மற்றதைக் குறுக்குக் கோடுகளாகப் போடுங்கள், தூரத்திலிருந்து கண்ணே கலந்துகொள்ளும்.

எதிர் நிறம் இல்லாமலும் சேறாகிறதா? குச்சியின் முனையைப் பாருங்கள். மஞ்சளின் நுனியில் கறுப்பு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை நிறம் மாற்றும்போதும் பழைய பனியன் துணியில் நுனியைத் துடைப்பது ஒரு பழக்கமாகவே ஆக வேண்டும். தேய்க்கும் விரலுக்கும் அதே விதிதான். ஆள்காட்டி விரல் வெளிர் நிறத்துக்கு, நடுவிரல் அடர் நிறத்துக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதித் துடைப்பு மிச்சம். பூசும் வரிசையும் முக்கியம். வெளிரிலிருந்து தொடங்கி அடருக்குப் போக வேண்டும்.

இன்னொரு மறைமுகக் குற்றவாளி, பென்சில். முதலில் பென்சிலால் குடத்தை அச்சாக வரைந்துவிட்டு அதன் மேல் மஞ்சள் பூசினால், பென்சில் கரி மஞ்சளில் கலந்து அழுக்குப் பச்சையாகும். கோடு வேண்டுமென்றால் வெளிர்க் காவி அல்லது வெளிர் நீலப் பேஸ்டலாலேயே போடுங்கள்.

கறுப்பைக் கொஞ்ச நாளைக்கு டப்பாவை விட்டே எடுத்துவிடச் சொல்வேன். அடர் நீலத்தின் மேல் அடர் பழுப்பைப் பூசினால் கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், ஆனால் அதற்குள் ஒரு நிறம் இருக்கும். டப்பாக் கறுப்பு தொட்ட இடமெல்லாம் பரவும்.

ஏற்கெனவே சேறான இடத்தைக் காப்பாற்றலாமா? காப்பாற்றலாம். கார்டால் வழித்து, துணியால் ஒற்றி எடுத்து, மேலே ஒரே ஒரு நிறத்தை, வெள்ளை கலந்த வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, தடிமனாக அழுத்திப் பூசுங்கள். அடியில் இருக்கும் பழுப்பு அங்கங்கே எட்டிப் பார்க்கும். பல படங்களில் அந்த இடம்தான் கடைசியில் பார்க்க நன்றாக இருக்கும்.

வெள்ளை வெள்ளையாக இல்லை

வெள்ளைக் குச்சி தொட்ட நிறத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விடுங்கள், அல்லது கடைசியில் துடைத்த முனையால் ஒரே அழுத்தில் போட்டுவிட்டு மறுபடி தொடாதீர்கள். வேறொரு வழி, முதலில் வெள்ளையால் வரைந்துவிட்டு அதன் மேல் தண்ணீராகக் கரைத்த வாட்டர் கலரை ஓடவிடுவது. மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் உருண்டு ஓடும்.

கோடு தடிக்கிறது, நுணுக்கம் வரவில்லை

பேஸ்டலில் மெல்லிய கோடு வராது. வரவைக்கக் குச்சியைச் சீவிக்கொண்டிருக்க வேண்டாம். மெல்லிய கோட்டைப் போடுவதைவிட சுரண்டி எடுப்பது சுலபம். முதலில் வெளிர் நிறத்தைத் தாள் தெரியாதபடி தடிமனாகப் பூசுங்கள். மேலே அடர் நிறத்தை அதே தடிமனில் பூசுங்கள். அப்புறம் மை தீர்ந்த ரீஃபிலாலோ ஊக்காலோ கீறினால் கீழ்நிறம் கோடாகத் தெரியும். காசிமேட்டில் வலைகளைக் குவித்து வைத்திருப்பார்களே, அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக வரைய யாராலும் ஆகாது. ஒரு பழைய சீப்பை ஒரு திசையில் இழுத்து, மறு திசையில் குறுக்கே இழுத்தால் போதும்.

கீறும்போது தாளின் வெள்ளை தெரிந்தால் முதல் பூச்சு மெலிசு. தாளே கிழிந்தால் தாள் மெலிசு. இரண்டு நிறமும் கலங்கினால் வெயிலில் இளகியிருக்கிறது, ஆறவிட்டுக் கீறுங்கள்.

எவர்சில்வர் சாம்பல் சட்டியாகிவிடுகிறது

டம்ளர், டிபன் கேரியர், மீன்கார அம்மாக்களின் அலுமினிய அன்னக்கூடை, எல்லாவற்றுக்கும் இந்தக் கதி உண்டு. காரணம், கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டு எவர்சில்வர் என்றால் சாம்பல் என்று மனசு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

டம்ளரை ஜன்னலோரம் வைத்து, அதன் மேல் தெரியும் நிறங்களை மட்டும் மெதுவாகப் பேர் சொல்லிப் பாருங்கள். எதிர்வீட்டுப் பச்சைச் சுவர் ஒரு நீளக் கோடாகத் தெரியும். வானம் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று. உங்கள் சட்டையின் சிவப்பு நடுவே வளைந்து கிடக்கும். அடியில் தரையின் நிறம். சாம்பல் என்று உண்மையிலேயே சொல்லக்கூடிய இடம் ஒன்றிரண்டு பட்டைகள்தான் இருக்கும். இந்தப் பட்டைகளை அப்படியே, ஒன்றோடொன்று தேய்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மிக வெளிரான பட்டையும் மிக அடரான பட்டையும் ஒட்டி நிற்க வேண்டும். பளபளப்பு தெரிவது அந்த மோதலில்தான், சில்வர் கலர் குச்சியில் அது வராது.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. டம்ளர் தன் வளைவுக்கேற்ப தெருவை ஏற்கெனவே நெளித்துக் கொடுத்துவிடுகிறது. அரூபமாக்கும் வேலையில் பாதி நீங்கள் செய்யாமலே முடிந்துவிட்டது. டம்ளரின் வெளிக்கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் பட்டைகளைத் தாளின் நான்கு விளிம்பு வரை நீட்டினால் மீதிப் பாதியும் முடிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது டம்ளர்தான்.

பார்த்தவுடன் குடம் என்று தெரிந்துவிடுகிறது, அரூபமாக மாட்டேன் என்கிறது

படத்தை யாரிடமாவது காட்டி “இது என்ன?” என்று கேளுங்கள். சட்டென்று “குடம்” என்றால் அது இன்னும் குடத்தின் படம்தான். “ஏதோ தண்ணி சம்பந்தமா, உருண்டையா, கனமா...” என்று இழுத்தால் நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். “ஒண்ணும் புரியலையே” என்றால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

குடம் குடமாகவே நிற்பதற்கு முதல் காரணம் மூடிய வெளிக்கோடு. சுற்றிலும் ஒரே கோடாக வரைந்து உள்ளே நிறம் நிரப்பினால் எவ்வளவு விசித்திரமான நிறம் போட்டாலும் அது குடம்தான். ஊதா நிறக் குடம், அவ்வளவே. நிறத்தை மாற்றுவதாலோ கோணலாக வரைவதாலோ இந்தக் கோளாறு போகாது. கோணல் குடத்தைப் பார்த்தால் வரையத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

கிட்டே போங்கள். பழைய பத்திரிகை அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். நகர்த்தி நகர்த்திப் பெரிதும் சிறிதுமாக்கலாம். அதன் வழியாகக் குடத்தைப் பார்த்து, எந்த வெளிக்கோடும் முழுதாக உள்ளே இல்லாத ஓர் இடத்தைத் தேடுங்கள். கழுத்தும் தோளும் சந்திக்கும் வளைவு, பக்கத்துக் குடத்தின் ஒரு வில், இரண்டுக்கும் நடுவே ஒரு கூரான நிழல். அந்தச் சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் தாள் முழுதும் பெரிதாக்கி வரையுங்கள். வளைவுகள் விளிம்பை வெட்டிக்கொண்டு வெளியே ஓட வேண்டும்.

இதைச் செய்தும் அடங்காத பொருள்கள் உண்டு. அடிபம்பு அதில் ஒன்று. எவ்வளவு கிட்டே போனாலும் கைப்பிடி கைப்பிடியாகவே தெரியும். அதற்குப் பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரைய வேண்டும். கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு நீள முக்கோணம் இருக்கிறது. மூக்குக்கும் கீழே வைத்த குடத்துக்கும் நடுவே ஒரு கட்டம். அந்த வெற்றிடங்களை மட்டும் ஒரு குழுவாக வரைந்து, டப்பாவில் இருக்கிற மிகச் சத்தமான நிறத்தை அவற்றுக்குக் கொடுங்கள். பம்பின் இரும்பை மங்கலான ஒரே நிறத்தில் அமுக்கிவிடுங்கள். கண் முதலில் முக்கோணத்தைப் பிடிக்கும், பம்பு கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

பம்பு அசையும் பொருள் என்பதையும் பயன்படுத்தலாம். கைப்பிடி மேலே இருக்கும்போது ஒரு கோடு, கீழே வரும்போது ஒரு கோடு, நடுவே இரண்டு மூன்று, எல்லாம் ஒரே தாளில். ஒரே பொருளைப் பல கோணங்களிலிருந்து பார்த்து ஒரே தளத்தில் வைப்பதை 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிக்காசோவும் பிரெஞ்சு ஓவியர் பிராக்கும் தொடங்கினார்கள், கியூபிசம் என்பது அதுதான். அவர்கள் மேஜையில் இருந்தது பாட்டிலும் கித்தாரும். நமக்கு அடிபம்பு.

கை பழகிப்போன கோட்டையே போடுகிறதென்றால், தாளைப் பார்க்காமல், கையை எடுக்காமல், பொருளை மட்டும் பார்த்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். அசிங்கமாகத்தான் வரும். அதில் ஒரு ஓரத்தில் உங்கள் மனசு ஜோடித்திருக்க முடியாத ஒரு நல்ல வளைவு கிடைக்கும். அதை மட்டும் எடுத்துப் பெரிய தாளில் போடுங்கள்.

கேரம் போர்டை வரைகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வடசென்னையில் தெருவுக்குத் தெரு கிளப் இருப்பதால் நிறையப் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். போர்டு பிறவியிலேயே வட்டமும் சதுரமும் அம்புக்குறியுமாக இருக்கிறது. அதை வரைந்தால் வரைபடம்தான் வரும். போர்டை விட்டுவிட்டு ஆட்டத்தை வரையுங்கள். ஸ்ட்ரைக்கர் கட்டையில் பட்டுத் திரும்பும் கோணங்கள், காயின்கள் சிதறும் திசைகள், பவுடர் பூசின இடமும் தேய்ந்த இடமும். பவுடருக்கு வெள்ளைக் குச்சியைப் படுக்கவைத்து லேசாக இழுங்கள்.

காசிமேட்டுக்குப் போனால் படகை வரையாதீர்கள் என்பேன். இது என் தனிப்பட்ட பிடிவாதம், காலண்டர் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. படகைப் பற்றி நமக்கு ஏற்கெனவே ஒரு படம் மனதில் அச்சாகிக் கிடக்கிறது, அதை மீறுவது கஷ்டம். ஏலம் நடக்கிற இடத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகள், உருகுகிற ஐஸ், ஈரத் தரையில் அவற்றின் தலைகீழ் நிறம், இவற்றில் யாரும் பார்த்துச் சலித்த படம் இல்லை.

உள்ளூரில் இதற்கு முன்னோடி வேண்டுமென்றால் கே. சி. எஸ். பணிக்கரைப் பாருங்கள். 1850-இல் தொடங்கிய, பெரியமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிவைத்தவர். அவருடைய பிற்கால ஓவியங்களில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும், ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் தெரியும், ஜாதகம் இருக்காது. அர்த்தத்தைக் கழித்துவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. எழுத்துக்கு அவர் செய்ததைக் குடத்துக்குச் செய்து பாருங்கள்.

பொருளும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கலர் கலராக இருக்கிறது

மேலே சொன்னதை அளவுக்கு மீறிச் செய்தால் இங்கே வந்து நிற்பீர்கள். எம்.சி. ரோடு கடையில் தொங்கும் நைட்டித் துணி மாதிரி தாள் முழுக்க அழகான வடிவங்கள், எதற்கும் எதனோடும் சம்பந்தம் இருக்காது. கண் எங்கும் நிற்காமல் வழுக்கிப் போகும்.

பெரும்பாலும் இரண்டு காரணம். வடிவங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன, நிறங்கள் எல்லாம் ஒரே சத்தத்தில் இருக்கின்றன. தாளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பெரிய வடிவம் பிடிக்கட்டும். அதற்குப் பக்கத்தில் நடுத்தரமாக ஒன்றோ இரண்டோ. மீதி எல்லாம் சிறுசு, அதுவும் ஒரே பக்கத்தில் கூடி நிற்கட்டும். நிறத்தில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றோடு வெள்ளையையும் சேர்த்துக்கொண்டு மற்றதை டப்பாவில் வையுங்கள். ஏற்கெனவே வரைந்த படமாக இருந்தால் நான்கைந்து குட்டி வடிவங்களை ஒரே நிறத்தால் மூடி ஒரே பெரிய வடிவமாக்கிவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை.

அதற்கு மேலும் உயிர் வரவில்லையென்றால் பொருளிடம் திரும்பிப் போங்கள். அதைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஹவாய் செருப்பு என்றால் குதிகால் பக்கம் தேய்ந்து மெலிந்திருக்கும், வார் ஒரு பக்கம் இழுத்திருக்கும். இந்தப் படத்தில் எனக்கு வேண்டியது தேய்மானமா, இழுப்பா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். தேய்மானம் என்றால் ஒரு ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி மறு ஓரத்தில் தாள் தெரியும் அளவுக்கு மெலிகிற பூச்சு. இழுப்பு என்றால் ஒரே புள்ளியிலிருந்து பிரியும் இரண்டு விறைத்த கோடுகள். செருப்பு காணாமல் போனாலும் இந்த ஒன்று தாளில் இருந்தால் படம் நிற்கும்.

வாரத்துக்கு ஒரு புதுப் பொருள் தேடவும் வேண்டாம். இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் ஜோர்ஜோ மொராந்தி (1890–1964) ஒரே பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றிப் பல பத்தாண்டுகள் வரைந்தார்.

நடுவில் உட்கார்ந்துவிட்டது, சுற்றிலும் காலி

தாளை வெட்டுங்கள். ‘ட’ சட்டத்தைப் படத்தின் மேல் நகர்த்தி நல்ல பகுதியைத் தேடி, ஸ்கேல் வைத்து வெட்டிவிடலாம். மீதித் துண்டுகளை நிறம் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பளிச்சென்ற நிறங்கள்தான், ஆனாலும் மங்கலாக, தட்டையாக இருக்கிறது

படத்தை போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நோய் அங்கேதான். சிவப்பும் பச்சையும் நிறத்தில் எவ்வளவு தூரமோ, வெளிச்ச அளவில் அவ்வளவு கிட்டே இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு இடத்தை நன்றாக அடராக்குங்கள், சின்னதாக ஓர் இடத்தை மிக வெளிராக விடுங்கள், மறுபடி போனில் பாருங்கள்.

பொருளை எப்போது பார்த்தீர்கள் என்பதும் கேள்வி. உச்சி வெயிலில் மொட்டைமாடியில் எல்லாமே நிழலில்லாமல் தட்டையாகிவிடும். நமக்குக் கிழக்கே கடல், தடுக்க ஒன்றும் இல்லை. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் காலை ஏழு மணி வெளிச்சம் படுக்கையாக வந்து ஒவ்வொரு பக்கெட்டுக்கும் நீள நிழல் கொடுக்கும். அந்த நிழலை மட்டுமே வரைந்தாலும் ஒரு படம்.

தாளின் பின்பக்கம் எண்ணெய்க் கறை

பூச்சை இழைய வைக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டிருப்பீர்கள். எண்ணெய் தாளுக்குள் இறங்கி ஒளிவட்டமாகப் பரவும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. பயிற்சிக்குப் பரவாயில்லை, வைத்துக்கொள்ளும் படத்துக்கு வேண்டாம். இழைய வைப்பது கட்டாயம் என்றால் வரைவதற்கு முன் தாளில் ஜெசோ (ஓவியத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) இரண்டு பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள், சொரசொரப்பும் கூடும். சிலர் டர்பன்டைனைத் தூரிகையில் தொட்டு இழைப்பார்கள். நன்றாகவே இழையும், ஆனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்போ ஊதுபத்தியோ பக்கத்தில் இருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு அந்த வேலையே வேண்டாம்.

மாதக்கணக்கில் ஆகியும் காயவில்லை, தொட்டால் ஒட்டுகிறது

காயாது. அதிலிருக்கும் எண்ணெய் காயாத வகை. வெயிலில் வைத்தால் இன்னும் இளகும். சாக்பீஸ் வகைப் பேஸ்டல் உதிராமல் இருக்க அடிக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரேயும் ஹேர் ஸ்பிரேயும் இதைக் கெட்டிப்படுத்தாது. ஆயில் பேஸ்டலுக்கென்றே வரும் ஸ்பிரே மேலே ஒரு தோலாக நிற்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஒட்டுவதைவிடப் பெரிய பிரச்சினை தூசி. கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சுவரில் திறந்து மாட்டின படத்தில் இரண்டு வாரத்தில் ஒரு சாம்பல் படலம் உட்கார்ந்திருக்கும், துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும். அடுக்கி வைக்கும்போது ஒவ்வொரு படத்துக்கு மேலும் பட்டர் பேப்பர் போட்டு, கனம் ஏற்றாமல், படுக்கையாக வையுங்கள். பீரோவின் மேல்தட்டு வேண்டாம், அங்கேதான் சூடு. பளீரென்ற ஃப்ளோரசன்ட் நிறங்களை வெளிச்சத்தில் மாட்டினால் வெளுத்துவிடும்.

மாட்டுகிற படத்துக்குக் கண்ணாடி அவசியம், ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. தொட்டால் வெயில் காலத்தில் நிறம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும். ஃபிரேம் கடையில் சாமி படத்துக்குச் செய்கிற பழக்கத்தில் நேராகக் கண்ணாடியை அழுத்தி ஆணி அடித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று, “அண்ணே, இது காயாத கலர், நடுவுல தடிமனா மவுன்ட் அட்டை வெச்சுடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.